கண்ணையன் நட்ட சாமி

கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டோரம் கண்ணையன் கிளப்புக்கடை என்று ஒரு சாப்பாட்டுக்கடை இருந்தது. பெயர்தான் கண்ணையன் கடை. நடத்தியதெல்லாம் அவன் பெண்டாட்டி தனக்கொடி. எதிர்ச்சாரியில் என் மளிகைக்கடை. அதனால் அந்தப் புருஷன் பெண்டாட்டி விவகாரம் முழுக்க நான் கேட்காமலே என் காதில் வந்து விழும். நான் அடுத்தவன் வீட்டுக் கதையைப் பேசிக்கொண்டு திரிகிறவன் இல்லை. ஆனால் போன வாரம் ஒருத்தன் என் கடையிலேயே உட்கார்ந்து, என் வெல்லத்தையே கடித்துக்கொண்டு, கண்ணையனைச் சாமி நடச் சொன்னதே நீதான் என்று என்னிடமே சொல்கிறான். வெல்லம் தின்கிற வாய்க்கு வரைமுறை வேண்டாமா? அதனால்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

அப்போது எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. தெற்கே கொஞ்ச தூரம் போனால் இங்கிலீஷ்காரன் எல்லை. கடலூரிலிருந்து வருகிற வண்டிக்காரர்கள் எல்லை தாண்டியதும் மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டிவிட்டு நேராகக் கண்ணையன் கடைக்குத்தான் போவார்கள். கண்ணையனுக்கு வாய் கிடையாது, கை உண்டு. அவன் வைக்கிற மீன் குழம்புக்காகப் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினவர்களை நான் பார்த்திருக்கிறேன். நான் சுத்த சைவம். இருந்தாலும் அவன் குழம்பு தாளிக்கிற நேரத்தில் கல்லாவை விட்டு எழுந்து உள்ளே போய்விடுவேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

கண்ணையனுக்கு இல்லாத வாயைத் தனக்கொடிக்குச் சேர்த்துக் கொடுத்திருந்தான் ஆண்டவன். விடிந்து அடுப்பு மூட்டும்போதே ஆரம்பித்துவிடும். "இந்தாய்யா, ஒலை கொதிச்சிச்சா?" "இந்தாய்யா, எலை இன்னும் நறுக்கலியா?" "இந்தாய்யா, வண்டிக்காரரு எந்நேரமா குந்திக்கினு இருக்காரு, உனக்குக் கண்ணு தெரியலியா?" குழம்பு கொதித்தாலும் இந்தாய்யா, கொதிக்காவிட்டாலும் இந்தாய்யா. கோபமாகக் கூப்பிடுகிறாள் என்று சொல்ல முடியாது. அவளுக்குத் தொண்டையே அப்படி. ஒரு நாள் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறான், அவனைத் தேடி ரோட்டைப் பார்த்துக் கூப்பிடுகிறாள். நான்தான், "ஏம்மா, உன் முந்தானையை மிதிச்சிக்கிட்டு நிக்கிறானே, அவன் யாரு?" என்று கேட்டேன்.

இதற்கெல்லாம் கண்ணையன் ஒரு வார்த்தை பதில் சொல்லமாட்டான். சொன்னதைச் செய்வான். ஆனால் பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரம் வந்ததா, கரண்டியைக் கழுவி மாட்டுவான், துண்டை உதறித் தோளில் போடுவான், கிளம்பிவிடுவான். பாகூர் ஏரிக்கரை ஓரத்தில் ஒரு சாராயக்கடை உண்டு. கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே, வாய்க்கால் கரை மேலேயே நடந்து போக வேண்டும். அங்கே ஒரு கோப்பை குடித்துவிட்டு, நாலு பேரோடு உட்கார்ந்துவிட்டு, ராச்சாப்பாட்டுக் கூட்டம் ஓய்கிற நேரத்துக்குத் திரும்புவான். அந்த நேரத்தில் மட்டும் தனக்கொடி என்ன கூப்பிட்டாலும் அவன் காதில் ஏறாது. ஏறினாலும் நிற்கமாட்டான்.

ஓர் ஐப்பசி மழையில் வாய்க்கால் கரை உடைந்து கிடந்திருக்கிறது. திரும்பி வருகிறவன் கால் வழுக்கி உள்ளே போய்விட்டான். மதகுப் பக்கம் தண்ணீர் சுழித்துக்கொண்டு போகிற இடம். எருமை ஓட்டி வந்த ஒருத்தன் பார்த்து, எருமை வாலைப் பிடிக்கச் சொல்லி இழுத்துக் கரை சேர்த்தான். கண்ணையன் மேலெல்லாம் சேறாக வாசலில் வந்து நின்றபோது தனக்கொடி திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை கடுகு வாங்குகிற சாக்கில் என்னிடம் வந்தாள்.

"சிவப்பிரகாசண்ணே, நம்ம கடையிலயே சாராயம் ஊத்தறதுக்கு லிசான்சு வாங்கப் போறேன்."

"ஏம்மா, சோறு போட்டு நல்ல பேரு வாங்கியிருக்க. இந்தக் கர்மம் எதுக்கு?"

"ஊருல இருக்கிற குடிகாரன் எனக்கு எதுக்குண்ணே? என் வூட்டுக் குடிகாரன் என் கண்ணெதிர்ல குடிச்சிட்டு என் கண்ணெதிர்ல படுக்கணும். எத்தினி நாளைக்கு எருமை வரும்?"

பெண்பிள்ளை கேட்டதில் நியாயம் இருந்தது. கடுகைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

அவள் தாமதிக்கவில்லை. வண்டி பிடித்துப் பாகூர் கொம்யூன் ஆபீசுக்கு, அதாவது பிரெஞ்சுக்காரன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள். அங்கே இராமச்சந்திரன் என்று ஒரு குமாஸ்தா. அவர் சட்டத்தைப் பிரித்துப் படித்தார். சாப்பாட்டுக்கடையில் குடிவகை பரிமாறுவதற்குத் தடையில்லை. ஆனால் கோயிலோ, பள்ளிக்கூடமோ, சுடுகாடோ நூறு மீட்டருக்குள் இருக்கக்கூடாது. எங்கள் ஊர்க்கோயில் ரோட்டு வளைவையும் தாண்டி இருந்தது. பள்ளிக்கூடம் அதற்கும் அப்பால். சுடுகாடு ஆற்றோரம். "உனக்கு ஒண்ணும் தடையில்லம்மா, புதுச்சேரியிலேர்ந்து அதிகாரி வந்து அளந்து பாத்துட்டுக் குடுத்துடுவாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தனக்கொடி வந்து இறங்கினவள் ரோட்டில் நின்றபடியே இதை ஊருக்கெல்லாம் சொன்னாள். அடுப்படியில் இருந்த கண்ணையனுக்கும் கேட்டது.

அன்று மத்தியானம் கண்ணையன் என் கடைக்கு வந்தான். வந்து புளி மூட்டை மேல் உட்கார்ந்தான். என் மூட்டை மேல் யாராவது உட்கார்ந்தால் எனக்குப் பிடிக்காது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

"அண்ணே, இந்த லிசான்சைத் தடுக்க ஒரு வழி சொல்லுங்க."

"ஏண்டா, குடிகாரனுக்கு வூட்டுக்குள்ளயே கடை வருது. உனக்கு வலிக்குதா?"

"வலிக்குதுண்ணே" என்றான். துண்டு நுனியை முறுக்கிக்கொண்டே, "அங்க போயிட்டு வர்ற அந்த நேரம் இல்லன்னா என்னால மறுநா அடுப்புகிட்ட நிக்க முடியாதுண்ணே" என்றான். கண் கலங்கியிருந்தது. குடிகாரனின் கலக்கம் என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

"எனக்கு வழி தெரியாது. கோயில் கிட்டத்துல இருந்தா குடுக்கமாட்டாங்க. கோயில் தூரத்துல இருக்குது. நான் இன்னா கோயிலைத் தூக்கிக்கிட்டு வந்தா வைக்க முடியும்?" என்றேன்.

நான் சொன்னது இவ்வளவுதான். இதைத்தான் ஊரில் திரித்து, சிவப்பிரகாசம் யோசனை சொன்னான் என்று பேசுகிறார்கள். எரிச்சலில் ஒருத்தன் சொன்ன வார்த்தை எப்படி யோசனை ஆகும்? கண்ணையன் மட்டும் அதைக் கேட்டுவிட்டு, கோயிலைத் தூக்கிக்கொண்டு வந்து வைப்பது என்கிற இடத்திலேயே நின்றுவிட்டான் போலிருக்கிறது. எழுந்து போகும்போது நடை மாறியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை. கடையைத் திறக்கிறேன், எதிரே வேப்பமரத்தடியில் சின்னக் கூட்டம். அந்த வேப்பமரம் கண்ணையன் கடைச் சுவரை ஒட்டியே நிற்கும். போய்ப் பார்த்தால் மரத்தடியில் ஒரு கல் நட்டிருக்கிறது. கறுப்பாக, உருண்டையாக, முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, அருகம்புல் சாத்தி, எதிரே சூடம். பக்கத்தில் கண்ணையன் ஈரத்துணியோடு, நெற்றி நிறைய விபூதியோடு நிற்கிறான். பிள்ளையார் கனவில் வந்து, "இந்த மரத்தடியில எனக்கு ஒரு எடம் குடு" என்று கேட்டாராம்.

ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் நம்பினவர்களைப் பார்த்து நம்பினார்கள். நம் ஊரில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசிவிட்டால் அப்புறம் அதைக் கல் என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? எனக்கும் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தனக்கொடி வந்தாள். கல்லைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள். மறுபடியும் கல்லைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று எல்லோரும் காத்திருந்தோம். அவள் ஒன்றும் சொல்லாமல் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். போனதும் "இந்தாய்யா, சாமி கும்பிட்டது போதும், மீனை ஆயணும்" என்று குரல் வந்தது.

கண்ணையனுக்கு ஒரே சந்தோஷம். கடை வாசலிலிருந்து ஏழெட்டு எட்டில் கோயில். அதிகாரி வந்தால் அளக்கவே வேண்டாம். அவன் வேலை முடிந்தது. அன்று சாயங்காலம் பாட்டுப் பாடிக்கொண்டே பாகூர் போனான்.

ஆனால் அவன் செய்த தப்பு இரண்டாவது வெள்ளிக்கிழமை வெளியில் வந்தது. அவன் சமையற்காரன். கல் வேண்டும் என்றதும் மலைக்கா போவான்? கொல்லையில் கிடந்த பழைய அம்மிக்குழவியை எடுத்துக் கழுவி நட்டிருக்கிறான். எத்தனையோ வருஷமாக மிளகாயும் மல்லியும் பூண்டும் மீன் மசாலாவும் அரைத்து அரைத்து ஊறின குழவி. புளி போட்டுத் தேய்த்தானாம், சாம்பல் போட்டுத் தேய்த்தானாம். காய்ந்திருந்தபோது ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வெள்ளிக்கிழமை பெண்கள் கூடி, பிள்ளையாருக்கு அபிஷேகம் என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். வெயிலும் ஏறியது. ஈரக் குழவியிலிருந்து கமகமவென்று மீன் மசாலா வாசம் கிளம்பியது.

ஆளாளுக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்தவரைப் பார்த்தார்கள். அப்போது காசம்மாள் கூடையோடு வந்தாள். கண்ணையன் கடைக்குத் தினமும் மீன் போடுகிறவள். நல்ல ஆகிருதி. அவள் கூடையை இறக்கி வைத்து, குனிந்து கல்லை முகர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி இது, புள்ளாரு மேல கவுச்சி வாசம் வருது?"

கண்ணையன் முகம் வெளிறிவிட்டது. "உன் கூடை வாசமா இருக்கும்" என்றான்.

"என் கூடையில கெளுத்தி. இது வேற" என்றாள் காசம்மாள். சொன்னவள் சொன்னபடியே நின்றாள். கண் மேலே போனது. உடம்பு ஆடத் தொடங்கியது. தலைமுடி அவிழ்ந்தது. "யாருடா என்னைப் புள்ளாருன்னு சொன்னவன்?" என்று ஒரு குரல் வந்தது. அது அவள் குரல் இல்லை. "நான் முனீஸ்வரன்டா. எல்லை காக்க வந்திருக்கேன்டா. எனக்குப் புல்லைச் சாத்தி வெச்சிருக்கீங்களே, நான் இன்னா மாடா?"

கூட்டம் அப்படியே விழுந்து கும்பிட்டது. நானும்தான். சைவ அசைவ விவகாரமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது. சாமி தனக்கு வேண்டியதைக் கேட்டது. கோழி வேண்டும், வறுத்த மீன் வேண்டும், சுருட்டு வேண்டும், சாராயம் வேண்டும். கனவு கண்டவனே பூசாரியாக இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு மலையேறியது.

கண்ணையன் எதிர்த்து என்ன சொல்ல முடியும்? அது முனீஸ்வரன் இல்லை, குழவி என்றா சொல்வான்? சாமி சொன்னபடியே பூசாரி ஆனான். ஊர்க்காரர்கள் பாகூர் சாராயக்கடையிலிருந்து புட்டி வாங்கி வந்து கல்லடியில் வைத்தார்கள். ஒருத்தன் கரும்புக்கு நோய் வரக்கூடாது என்று வைத்தான். இன்னொருத்தன் மாமனார் வீட்டு வழக்கு ஜெயிக்க வேண்டும் என்று வைத்தான். கண்ணையன் என்னிடம் வந்து, "எந்தச் சாமியா இருந்தா இன்னாண்ணே, கோயில் கோயில்தானே?" என்றான். எனக்கும் அது சரி என்றே பட்டது.

தை கழிந்து அதிகாரி வந்தார். புதுச்சேரிக்காரர். தொப்பி, கால்சட்டை, கையில் தோல் உறையில் சுருட்டின அளவு நாடா. தமிழர்தான், ஆனால் தமிழைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு பேசுவார். ஐயா என்பதற்குப் பிரெஞ்சுக்காரன் சொல்கிற மாதிரி எல்லோரும் அவரை முசே முசே என்று கூப்பிட்டோம். கூட இராமச்சந்திரனும் வந்திருந்தார். இராமச்சந்திரன் கல்லைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். போன முறை இந்தப் பக்கம் வந்தபோது அது அங்கே இல்லை.

அதிகாரி நாடாவைப் பிரித்தார். முழுசாக இழுக்க வேண்டிய தேவையே வரவில்லை.

"இது கோயில்தானே?"

"ஆமாங்க முசே" என்றான் கண்ணையன். மற்றவர்களை முந்திக்கொண்டு அவன் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அப்போ முடியாது. சட்டம் இடம் கொடுக்காது." நாடாவைச் சுருட்டினார்.

கண்ணையன் என்னைப் பார்த்தான். இருபது வயது குறைந்த மாதிரி இருந்தான். தனக்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"முசே, கோயில்கிட்ட குடிக்கக்கூடாதுன்னு சட்டம் எதுக்கு வெச்சிருக்குது?"

"சாமிக்கு மரியாதைக் குறைவு ஆகக்கூடாது. கும்பிட வர்றவங்களுக்குத் தொந்தரவு இருக்கக்கூடாது."

"நல்ல சட்டம். சித்த இப்பிடி வந்து பாருங்க."

அதிகாரி குனிந்து பார்த்தார். கல்லடியில் வாழை இலையில் வறுத்த மீன், பாதி எரிந்த சுருட்டு, சாராயப் புட்டி.

"இங்கே யார் குடிச்சிட்டுப் போட்டது?"

"சாமிதான் முசே."

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். மரியாதைக்கா, வியர்வைக்கா என்று தெரியவில்லை.

"இந்தச் சாமிக்குச் சாராயம் பாகூர்லேர்ந்து வருது" என்றாள் தனக்கொடி. "வர்ற வழியெல்லாம் அவனவன் வாய் வெச்சி, இங்க வந்து சேர்றப்போ அடியில கொஞ்சம்தான் மிஞ்சுது. எச்சிச் சாராயத்தைச் சாமிக்கு ஊத்தறோம். இதுவா மரியாதை? பக்கத்துல கடை இருந்தா புதுசா ஒரு புட்டிய ஒடைச்சி ஊத்துவோம். நீங்க லிசான்சு குடுக்கலன்னாத்தான் முசே சாமிக்குக் கொறை."

வழியில் வாய் வைத்த ரெண்டு மூன்று பேர் கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதிகாரி இராமச்சந்திரனைப் பார்த்தார். இராமச்சந்திரன் வேப்பமரத்தைப் பார்த்தார்.

"கோயில் தரப்பில் ஆட்சேபணை இல்லைன்னு யாராவது சொல்லணும். இந்தக் கோயிலுக்குப் பொறுப்பு யார்?"

எல்லோரும் கண்ணையனைக் காட்டினார்கள். பூசாரி அவன்தானே. கண்ணையன் தொண்டையைச் செருமினான். அவனுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. "முசே, சாமிக்கு வந்து..." என்று ஆரம்பித்தான்.

"அவன இன்னாடா கேக்கற? என்னைக் கேளு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

காசம்மாள்தான். கூடையை எப்போது இறக்கினாள் என்று தெரியவில்லை. ஆடிக்கொண்டே நேராக அதிகாரி முன்னால் வந்து நின்றாள். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"எனக்கு நாக்கு வறண்டு கெடக்குதுடா. நாடாவ வெச்சிக்கிட்டு என்னையாடா அளக்கற? கடைய தொறக்கச் சொல்லுடா."

துரைத்தனத்து ஆளை அப்படி 'டா' போட்டு யாரும் பேசி நாங்கள் கேட்டதில்லை. அதிகாரி அடிபட்ட மாதிரி நின்றார். பிறகு மெல்ல இராமச்சந்திரன் காதில், "இதை ரிப்போர்ட்டில் எப்படி எழுதுறது?" என்று கேட்டார். மெல்லத்தான் கேட்டார், ஆனால் எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"நேரில் விசாரித்ததில் சம்பந்தப்பட்டவருக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிடலாம் முசே" என்றார் இராமச்சந்திரன்.

அப்படியே எழுதினார்கள். காசம்மாளுக்கு அன்றிலிருந்து தனக்கொடி கடையில் மத்தியானச் சாப்பாடு உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. சாமி விஷயம்.

அதிகாரி வண்டி ஏறினதும் தனக்கொடி புருஷன் பக்கம் திரும்பினாள். நானும் அங்கேதான் நின்றேன்.

"இந்தாய்யா, அடுத்த வாட்டி சாமி நடறதா இருந்தா வேற கல்லு பாரு. அது என் ஆத்தா வூட்லேர்ந்து வந்த குழவி. அதை எனக்குத் தெரியாதா?"

கண்ணையன் குழவியைத் திரும்பிப் பார்த்தான். "தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஏன் சொல்லல?" என்றான்.

"நட்டுட்ட. பொட்டும் வெச்சிட்ட. நான் போயி இது குழவின்னு சொல்லி, சாமி கோச்சிக்கிட்டு, நீ மறுபடியும் மதகுல உழுந்தின்னா? நான் யாருகிட்ட போயி அழுவேன்?" என்றாள். அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. தினமும் காலையில் அந்தக் குழவிக்குப் பூ வைத்ததும் அவள்தான். அது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மாசி முடிவதற்குள் லிசான்சு வந்துவிட்டது. கடைக்கு வெள்ளை அடித்து, மாவிலை கட்டி, முதல் புட்டியை முனீஸ்வரனுக்கு உடைத்து ஊற்றினார்கள். அன்று சாயங்காலம் கூட்டம் தாங்கவில்லை. பாகூர் ஏரிக்கரையில் கண்ணையனோடு உட்காருகிறவர்கள் உட்பட எல்லோரும் வந்திருந்தார்கள். மீன் குழம்பும் சாராயமும் ஒரே கூரைக்குக் கீழே கிடைத்தால் எவன் ஏரிக்கரைக்குப் போவான்? தனக்கொடி வாசலில் நின்று ஒவ்வொருத்தரையும், "வாங்க, குந்துங்க, இன்னா சாப்பிடறீங்க?" என்று கேட்டாள். கோவணம் கட்டி வந்த வண்டிக்காரனையும் அப்படித்தான் கேட்டாள். நான் நிறைய கடை பார்த்திருக்கிறேன். அந்த மரியாதையில் அவளைக் குறை சொல்ல முடியாது.

விளக்கு வைத்ததும் கண்ணையனைக் கூப்பிட்டாள். அடுப்படியிலிருந்து வந்தான். எல்லோருக்கும் நடுவில் அவனை உட்கார வைத்து, ஒரு கோப்பை நிறைய ஊற்றி, பக்கத்தில் வறுத்த மீனையும் வைத்தாள்.

"குடிய்யா. எவ்ளோ வேணுமோ குடி. உழுந்தா இங்கயே உழு. தரை மெழுவி வெச்சிருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணையன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தொடவில்லை.

"இன்னாய்யா?"

"நான் குடிக்கறதுக்காகப் போவல தனக்கொடி."

"பின்ன?"

"அங்க போனா யாரும் என்னை இந்தாய்யான்னு கூப்பிடமாட்டாங்க" என்றான். "வா கண்ணையாம்பாங்க. குந்துவேன். ஒரு வேலையும் சொல்லமாட்டாங்க. எனக்கு அவ்ளோதான் வேணும்."

பின்வரிசையில் ஒருத்தன் சிரிக்க வாயெடுத்தான். தனக்கொடி திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டான். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. பாவம், அவ்வளவு பேருக்கு முன்னால். வண்டி பிடித்து, அதிகாரியோடு வாதாடி, வெள்ளை அடித்து, எல்லாம் இந்த ஆள் உயிரோடு இருக்க வேண்டும் என்றுதானே செய்தாள்? எனக்கு அவள் மேலும் இரக்கம் வந்தது, அவன் மேலும் வந்தது, யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் கோபமும் வந்தது.

அவள் கோப்பையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "நீங்க குடிங்கண்ணே" என்றாள். பிறகு அவனிடம், "போய்யா. ரோட்டு மேலயே போ. வாய்க்கால் கரைப் பக்கம் போவாத" என்றாள். குரல் சின்னதாக இருந்தது. கண்ணையன் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

நான் கோப்பையை என்ன செய்தேன் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.

அவன் போனதும் கடை தலைகீழாகிவிட்டது. குழம்பு அடி பிடித்தது. மீன் கருகியது. தனக்கொடியே அடுப்புக்கும் இலைக்கும் ஓடினாள். இரண்டு மூன்று தடவை அடுப்படிப் பக்கம் பார்த்து இந்தாய்யா என்று கூப்பிட வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

நான் என் கடைக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் பாதிகூடக் குறையவில்லை, கண்ணையன் திரும்பி வருகிறான். நேராக என்னிடம் வந்து புளி மூட்டை மேல் உட்கார்ந்தான்.

"இன்னாடா அதுக்குள்ள?"

"அங்க யாருமே இல்லண்ணே. கடைக்காரரு மட்டும் கொறட்டை வுட்டுக்கிட்டு இருக்காரு. பெஞ்சியெல்லாம் காலி." எதிர்ப்பக்கம் கையைக் காட்டினான். "எல்லாரும் இங்க வந்துட்டானுவ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தேன். பிறகு அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. திருவிழாவில் தொலைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குள் போனால் அடுப்பு. ஏரிக்கரைக்குப் போனால் குறட்டை. இனி அவன் எங்கே போவான்?

தனக்கொடி வாசலில் வந்து நின்றாள். அவளுக்கும் காது நன்றாகக் கேட்கும். கையெல்லாம் மசாலா, நெற்றியில் கரி. நின்று அவனையே பார்த்தாள். இந்தாய்யா வரப்போகிறது என்று நான் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"வாங்க" என்றாள்.

கண்ணையன் திரும்பிப் பின்னால் பார்த்தான். பின்னால் என் பருப்பு டின்தான் இருந்தது.

"உங்களைத்தான். வாங்க, குந்துங்க. இன்னா சாப்பிடறீங்க?"

அவன் எழுந்தான். ரோட்டைக் கடந்து, முன்வாசல் வழியாகக் கடைக்குள் போனான். அந்த வாசல் வழியாக அவன் உள்ளே போய் நான் பார்த்ததே இல்லை, எப்போதும் கொல்லை வழிதான். அவனுடைய கூட்டாளிகள் நகர்ந்து இடம் விட்டார்கள். "வா கண்ணையா" என்றான் ஒருத்தன். தனக்கொடி இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாள்.

"மீன் கொழம்பு இருக்குதா?" என்று கேட்டான் கண்ணையன்.

"இருக்குதுங்க. இன்னிக்கி நான் வெச்சது, கொஞ்சம் அடிபிடிச்சிப் போச்சி."

"பரவால்ல. ஊத்துங்க."

ஊற்றினாள். அவன் பிசைந்து ஒரு வாய் வைத்தான். எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.